நீலக் குச்சியும் சிவப்புக் குச்சியும்

வயலைப் பார்த்ததும் பெற்றீசியா மகிழ்ந்திருக்க வேண்டும். கதிர் தள்ளி நிற்கும் நெல் ஒரு புள்ளிகூட இல்லாமல் பச்சையாக நின்றால் யாருக்குத்தான் வயிறு குளிராது? அவளோ கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். மேல் வயலும் பச்சை, கீழ் வயலும் பச்சை. இரண்டில் ஒன்று எரிந்து கிடக்க வேண்டும். அதைப் பார்ப்பதற்காகத்தான் அவள் விடியமுன் நாவலப்பிட்டியில் பஸ் ஏறி, கண்டியில் மாறி, கட்டுகஸ்தோட்டைப் பாலத்து நெரிசலில் அரைத்தூக்கம் தூங்கி, மடவளையில் இறங்கி, சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வயல் வரம்பு வழியே வந்திருந்தாள்.

ஊரான் வயல் எரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறவள் நல்ல மனுஷியா என்று கேட்டால், பதில் சொல்வது கஷ்டம். அவள் பிழைப்பு அப்படி.

பேராதனைப் பக்கத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் அவளுக்கு வேலை. நெல்லுக்கு எரிபந்தம் என்று ஒரு நோய் வரும். பங்கசு என்கிற பூஞ்சணத்தின் வேலை அது. இலையில் சாம்பல் நிறத்தில் கண் கண்ணாகப் புள்ளி விழும், பிறகு கதிரின் கழுத்தைப் பிடிக்கும், கழுத்து முறிந்து கதிர் பதராகித் தொங்கும். பனியும் மப்பும் சேர்ந்தால் இரண்டு கிழமையில் வயல் தீ பட்டதாகிவிடும். சனங்கள் கடையில் மருந்து வாங்கி அடிப்பார்கள். அடிக்க அடிக்க அது மருந்துக்கும் பழகிப்போகும். இதற்கெல்லாம் பதில் மண்ணுக்குள்ளேயே இருக்கிறது என்பது பெற்றீசியாவின் கட்சி. நெல் வேரைச் சுற்றிக் குடியிருக்கும் ஒரு பற்றீரியா, பங்கசுக்குப் போகவேண்டிய இரும்புச் சத்தை முந்திக்கொண்டு பிடுங்கிவிடும். பயிரையும் உசுப்பிவிட்டு, நோயை எதிர்த்து நிற்கப் பழக்கிவிடும். நாவலப்பிட்டி ரோட்டோரத்தில் கைவிடப்பட்ட ஒரு வயலில் அதைப் பிடித்து, வளர்த்து, வெள்ளை மாவில் கலந்து தூளாக்கியவள் அவள். அதற்கு ஆய்வுகூடத்தில் ஏதோ ஓர் எழுத்தும் இலக்கமும் உண்டு. அவள் மனசுக்குள் அதை 'நம்ம ஆள்' என்றுதான் சொல்வாள்.

நம்ம ஆள் கண்ணாடித் தட்டில் பங்கசைத் துரத்தியடித்தான். கண்ணாடிக் கூடாரத்திலும் அடித்தான். மிச்சம் இருந்தது வயல். இரண்டு போகம், ஒரே இடம், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வயல். ஒன்றில் தூள் பிரட்டிய விதை, மற்றதில் வெறும் விதை. தூள் போட்டதற்கு நீலக் குச்சி, போடாததற்குச் சிவப்புக் குச்சி. சிறுபோகத்தில் மேல் வயலில் நீலம் நின்றது, பச்சை காத்தது. கீழ் வயலில் சிவப்பு நின்றது, பாதி எரிந்தது. படம் எடுத்து அனுப்பினார்கள். மேலிடத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள். பெரும்போகத்திலும் அதேபோல வித்தியாசம் தெரிந்தால் திட்டம் நீளும். தூள் ஊர் ஊராகப் போகும். பெற்றீசியாவின் வேலையும் தங்கும். தெரியாவிட்டால் நம்ம ஆள் குளிர்ப்பெட்டிக்குள், அவள் வீட்டுக்கு. வருகிற வியாழக்கிழமை மேலிடத்துக் குழு வயலுக்கே வந்து பார்க்கப்போகிறது. அன்றைக்குத் திங்கள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்று சொல்வார்களே, அது இதுதான் என்று நினைத்துக்கொண்டு வரம்பில் நின்றாள்.

"என்ன மிஸ், வயல் எப்பிடி?"

எதிரே வந்தவர் ஸாகி நானா. இந்த வயல்கள் இரண்டு சகோதரர்களுடையவை. மூத்தவர் ஸாகி, இளையவர் பஹீம். அண்ணனை அங்கே நானா என்பார்கள். பஹீம்தான் தூள் போட ஒத்துக்கொண்டவர். ஸாகி நானா அதைக் கையாலும் தொடமாட்டேன் என்றவர். அதனாலேயே அவருடைய வயல் சிவப்புக் குச்சிக்கு வசதியாகப் போயிற்று.

"நல்லா இருக்குங்க," என்றாள் பெற்றீசியா, நாக்கில் கசப்போடு.

"நான் ஒரு மருந்தும் போடல்ல. தூளும் இல்ல, தெளிக்கவும் இல்ல. அல்லாஹ்ட காவல்." அவர் இரண்டு வயலுக்கும் பொதுவாகத் தாடையை நீட்டிக் காட்டினார். "ஊரெல்லாம் எரிஞ்சி ஈக்கி, எங்கட வயலப் பாருங்க."

பார்த்தாள். சுற்றிவர மற்றவர்களின் வயல்கள் சாம்பல் பூத்துக் கிடந்தன. நடுவே இந்த இரண்டு மட்டும். தூள் போட்டதும் நன்றாக இருக்கிறது, போடாததும் நன்றாக இருக்கிறது என்றால் தூள் எதற்கு? ஏதோ காற்று, ஏதோ அதிர்ஷ்டம், ஸாகி நானா சொல்வதுபோல ஏதோ காவல். ஆறு வருஷம் அவள் ஒரு வெறும் மாவை வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அழுகைகூட வரவில்லை. வரம்பிலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டால் போதும் என்றிருந்தது.

அப்படி உட்காரவிடாமல் பஹீமின் மனைவி ஷஹ்மா வீட்டுக்குக் கூட்டிப்போனாள். பஹீமுக்குக் கட்டுகஸ்தோட்டையில் சின்னதாகச் சாமான் கடை. வயல் பாடெல்லாம் ஷஹ்மாவின் தலையில்தான். உட்காரக் கதிரையைத் துடைத்துப் போட்டு, இஞ்சி தட்டிய பிளேன்டீயும் ஒரு துண்டுக் கித்துள் கருப்பட்டியும் வைத்தாள்.

"மொகம் ஏன் மிஸ் இப்பிடி ஈக்கி? சுகமில்லையா?"

"களைப்புங்க. வேற ஒண்ணும் இல்ல."

"எங்களுக்கும் இந்த முற சரியான களைப்பு. நீங்க பஸ்ல அனுப்பின தூள், நீங்க சென்ன மாதிரியே செஞ்சது. நெல்ல ஊறவெச்சி, கஞ்சித் தண்ணியில தூளக் கொழச்சிப் பெரட்டி, வெயில் படாம மரத்தடியில காயவெச்சி." ஷஹ்மா விரல்களால் பிரட்டிக் காட்டினாள். நவம்பர் மழையில் பாதைகளெல்லாம் மண்சரிந்து கிடந்த காலம் அது. ஆய்வுகூடத்து ஜீப்பை நிவாரண வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். பெற்றீசியாவால் வர முடியாமல், பொதியை பஸ் கொண்டக்டர் கையில் கொடுத்து அனுப்பியிருந்தாள். "ஆனா அந்த மூட்டையக் கீழ வரைக்கும் செமந்துக்கிட்டுப் போறது தான் பெரிய பாடு. போன போகம் மேல எண்டதால லேசு."

கருப்பட்டியைக் கடிக்கப்போன பெற்றீசியா அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டாள்.

"கீழயா? நீங்க வெதச்சது மேல் வயல்ல தானே?"

"அது போன போகம். இந்தப் போகம் எங்களுக்குக் கீழ, நானாக்கு மேல. கட்டிமாறு தானே மிஸ்."

"என்னா மாறு?"

ஷஹ்மாவுக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை. சோறு எதற்குத் தின்கிறீர்கள் என்று கேட்டால் எப்படி முழிப்பார்களோ அப்படி முழித்தாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள். மேல் வயலுக்குத்தான் முதலில் தண்ணீர் பாயும். கீழ் வயல் மலை நிழலில் கிடக்கிறது, பனி லேசில் விடாது. ஒருவரே நல்ல வயலை வைத்துக்கொண்டால் மற்றவருக்கு அநியாயம். அதனால் ஒரு போகம் இவர் மேல், அவர் கீழ். அடுத்த போகம் மாறி. மாமனாரின் வாப்பா காலத்திலிருந்து அப்படித்தான். அக்கம்பக்கத்துச் சிங்கள ஆட்களின் வயல்களிலும் அதே முறைதான். கண்டிச் சீமையில் அது ஒன்றும் புதினமில்லை.

"ஏன் என்கிட்ட சொல்லல?" பெற்றீசியா கருப்பட்டியைக் கீழே வைத்தாள்.

"நீங்க கேக்கல்லயே. குச்சிய அசைக்க வேணாம் எண்டு சென்னீங்க. நாங்க அசைக்கல்ல. உழவு மெஷின்காரனுக்கிட்டயும் அதச் சுத்தி ஓட்டுங்க எண்டு சென்னது. அவன் எப்பிடி ஏசினான் தெரியுமா? ஆனா அசைக்கல்ல."

உண்மைதான். நீலக் குச்சி மேல் வயலில் போன போகம் நட்ட அதே குழியில் நின்றது. சிவப்பு கீழ் வயலில் நின்றது. மனிதர்கள்தான் மாறியிருந்தார்கள். ஜனவரியில் ஒருமுறை ஓடிவந்து, குச்சிகள் இடத்தில் நிற்கின்றன என்று கண்ணால் பார்த்து, நிம்மதியாகத் திரும்பிப்போனவளும் பெற்றீசியாதான்.

இதில் அவளைக் கோபிக்கவும் முடியாது. பெற்றீசியா தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அவள் அறிந்த காணியெல்லாம் தோட்டத்துக்காரனுடையது. அவன் காணி நேற்றும் அவனுடையது, இன்றும் அவனுடையது; அதில் கொழுந்து பறித்த அம்மாவுக்கு ஒரு கறிவேப்பிலைக் கன்று நடவும் உரிமை இல்லை. 'இது யாரோட வயல்?' என்று ஒருமுறை கேட்டுவிட்டால் அந்தக் கேள்வி முடிந்தது என்றுதான் அவள் நினைப்பாள். காணி உள்ளவர்கள் தாங்களாகவே அதைப் போகத்துக்குப் போகம் மாற்றிக்கொள்வார்கள் என்பது அவளுக்கு எங்கே தோன்றும்?

அந்த நேரம் இன்னொரு நினைப்பும் முளைத்தது. கீழ் வயலில் இந்த முறை தூள் இருக்கிறது, அதனால் பச்சை. சரி. மேல் வயலில் ஸாகி நானா வெறும் விதைதான் விதைத்தார். அது ஏன் பச்சை?

"மேல் வயல் முன்னுக்கு எரியுறது இல்லையா?"

"எரியாம? போன வருசப் பெரும்போகம் நானா தான் மேல செஞ்சது. பாதியும் பதர். அழுதுக்கிட்டு அறுத்தது."

அப்படியானால் போன போகத்தில் போட்ட நம்ம ஆள் இன்னும் அங்கேதான் இருக்கிறானோ? அறுவடைக்குப் பிறகும், வறட்சிக்குப் பிறகும், அந்தப் பேய்மழைக்குப் பிறகும்? பெற்றீசியா தேத்தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தாள். மேல் வயலில் நாலைந்து இடத்தில் நெல்லை வேரோடு கெல்லி, மண்ணோடு பைகளில் போட்டுக் கட்டிக்கொண்டாள். கீழ் வயலில் எடுக்கத் தோன்றவில்லை. அங்கே தூள் போட்டது தெரிந்த சங்கதிதானே.

மறுநாள் ஆய்வுகூடத்தில் நவரட்ணராஜா கதையைக் கடைசிவரை கேட்டார். திட்டத்துக்குத் தலைவர் அவர், யாழ்ப்பாணத்து மனிதர், ஓய்வு பெறப் போகிறவர். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எங்கடை ஊரிலை வேலிக் கதியால் தடியை அரையடி தள்ளி நட்டாலே கோட்டிலை வழக்குப் போடுவினம். வயலை மாறி மாறிச் செய்யிற சனம் இருக்குமெண்டு ஆர் கண்டது?" என்றார். பிறகு நெற்றியைத் தடவிக்கொண்டு, "அப்ப நீலத்திலை தூள் இல்லை. சிவப்பிலை தூள். ரெண்டும் பச்சை. வித்தியாசம் எண்டு காட்ட ஒண்டும் இல்லை. அப்பிடித்தானே?"

"ஆமாங்க சேர். ஆனா மேல் வயல் மண்ண நான் தட்டில போட்டிருக்கேன். நம்ம பற்றீரியா அங்க இன்னும் உசுரோட இருந்தா..."

"இருந்தாலும் அது வேறை ஆய்வு. அதை முதலிலை இருந்து தொடங்கவேணும். வியாழக்கிழமை வாறவைக்கு அது தேவையில்லை. ஒண்டு எரிஞ்சிருக்கவேணும், மற்றது எரியாமல் இருக்கவேணும். அவ்வளவுதான்." அவர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார். "பக்கத்து வயல் எரிஞ்சு கிடக்கெண்டு சொன்னனீர். சிவப்புக் குச்சியைப் பிடுங்கி அங்கை நட்டுவிடும். ஒரு வரம்பு தானே. ஆர் பாக்கப்போகினம்?"

பெற்றீசியா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"பக்கத்து வயல் எரிஞ்சது பொய்யில்லை. தூள் வேலை செய்யுறதும் பொய்யில்லை எண்டு நீர் நம்புறீர். எனக்குக் களைச்சுப்போச்சு, பெற்றீசியா. இதை உயிரோடை விட்டிட்டுப் போகவேணும். உமக்கும் வேலை இருக்கவேணும்."

கெட்ட மனிதர் இல்லை அவர். கெட்டவராயிருந்தால் மறுத்துவிட்டுப் போவது சுலபமாயிருந்திருக்கும். பக்கத்து வயலில் வேறு இன நெல், வேறு பசளை, வேறு கை; அதை இதோடு ஒப்பிடக்கூடாதென்பது அவளுக்குப் பாடம் சொன்னவரே அவர்தான். அதையும் இருவரும் அறிந்திருந்தார்கள். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவள் யோசித்தது நியாயத்தைப் பற்றியல்ல. வேலை போனால் மறுபடி எங்கே, யாரிடம், எத்தனை நேர்முகம், எத்தனை படி ஏறி இறங்குவது என்றுதான். யோசித்து முடிக்குமுன் தூங்கிப்போனாள்.

வியாழக்கிழமை காலையில் மேல் வயல் மண் போட்ட தட்டுகளை வெளியே எடுத்தாள். மற்றப் பற்றீரியாக்களைக் கொல்லும் மருந்து போட்ட தட்டு அது. நம்ம ஆளை மட்டும் அந்த மருந்துக்குத் தாங்கும்படி முன்னமே பழக்கி வைத்திருந்தார்கள். அதில் எவன் முளைத்தாலும், அவனேதான் என்று அடித்துச் சொல்லலாம். மூடியைத் திறக்காமல் ஊதா விளக்கின் கீழே பிடித்தாள். இருட்டில் பச்சையும் மஞ்சளுமாய்ப் புள்ளிகள் ஒளிர்ந்தன. ஒரு தட்டு இல்லை, எடுத்த தட்டெல்லாம். தூளைத் தொடவே மாட்டேன் என்ற மனிதனின் வயலில், யாரும் தேடாமல், யாரும் ஊட்டாமல், போன போகத்திலிருந்து அவன் பிழைத்துக் கிடந்திருக்கிறான். வேருக்கு வேர் தொற்றிப் பிள்ளைகுட்டி பெற்றிருக்கிறான். பெற்றீசியா சந்தோஷத்தில் ஒவ்வொரு தட்டாய் இரண்டு தரம் எண்ணினாள். அந்த இருட்டறையில் அவளும் விளக்கும் மட்டும் இருந்ததால் ஒரு பாட்டம் அழுதும் முடித்தாள். அழுது முடிந்ததும் பழைய களைப்பு திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

குழுவுக்கு முன்னமே அவள் வயலுக்குப் போய்விட்டாள். கீழ் வயலில் இறங்கிச் சிவப்புக் குச்சியைப் பிடித்து இழுத்தாள். ஈர மண், இலகுவாக வந்துவிட்டது. வரம்புக்கு அந்தப் பக்கம் எரிந்த வயல். ஒரு எட்டு. தூரத்தில் ஜீப் சத்தம் இன்னும் இல்லை. அவள் குச்சியோடு அந்த வரம்பில் நின்றாள். தாண்டிவிடலாம். எத்தனையோ பேர் இதைவிடப் பெரிய வரம்பையெல்லாம் தாண்டிவிட்டு நிம்மதியாகச் சோறு தின்கிறார்கள்.

நேர்மை அவளைத் தடுத்தது என்று சொன்னால் கொஞ்சம் அலங்காரமாயிருக்கும். அவளைத் தடுத்தது குச்சியின் மேற்பாதியில் தெறித்துக் காய்ந்திருந்த பழைய உழவுச் சேறு. உழவு மெஷின்காரனிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு, ஏன் எதற்கு என்று தெரியாமலே, மிஸ் சொன்னாள் என்ற ஒரே காரணத்துக்காக ஒருத்தி காப்பாற்றி வைத்த குச்சி அது. அதைப் போய் அவளே அசைப்பதா? வெட்கமாக இருந்தது. திரும்பி இறங்கி அதே குழியில் செருகி, காலால் மிதித்து இறுக்கினாள்.

குழு வந்தது. தலைவியம்மா கண்டிக் கிராமமொன்றில் பிறந்த சிங்களப் பெண்; வரம்பில் செருப்போடு சறுக்காமல் நடந்த ஒரே ஆள் அவர்தான். நவரட்ணராஜா இறங்கியதும் முதலில் சிவப்புக் குச்சியைத்தான் பார்த்தார். பிறகு பெற்றீசியாவைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஒரு மாதிரி ஆறுதல்கூட இருந்ததோ என்று அவளுக்குச் சந்தேகம்.

தலைவியம்மா கேட்குமுன்னே ஸாகி நானா முந்திக்கொண்டார். தான் ஒன்றும் போடவில்லை, அல்லாஹ்வின் காவலில் விளைந்தது என்று சிங்களத்தில் விலாவாரியாகச் சொன்னார். குழுவில் ஒருவர் சிரித்தார். பெற்றீசியா முழுக்கதையையும் சொன்னாள். குச்சி அசையாததை, மனிதர் மாறியதை, மேல் வயல் மண்ணில் ஒளிர்ந்த புள்ளிகளை. கொண்டுவந்த தட்டையும் காட்டினாள். பகல் வெளிச்சத்தில் அதில் ஒளியும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. கஞ்சி கொட்டிய பாத்திரமாய்த் தெரிந்தது.

"கட்டிமாறுவா!" தலைவியம்மா வாய்விட்டுச் சிரித்தார். தன் தகப்பன் வயலிலும் அதேதான் என்றார். கண்டிப் பக்கத்தில் வயலைத் தொடுமுன் கேட்கவேண்டிய முதல் கேள்வியே, அடுத்த போகம் யார் செய்வது என்பதுதான் என்றார். அதை அன்பாகத்தான் சொன்னார். அன்பாகவே மிச்சத்தையும் சொன்னார். சுவாரசியமான சங்கதி, ஆனால் ஒப்பிட வயல் இல்லாத ஆய்வை நீட்டிக்க விதி இல்லை. பற்றீரியாவைப் பத்திரமாகக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள், பின்னொரு காலத்தில் பார்க்கலாம்.

பின்னொரு காலம் என்றால் என்னவென்று அரசாங்கத்தில் வேலை செய்த எல்லாருக்கும் தெரியும். பெற்றீசியா தலையாட்டினாள். குழு ஜீப்பை நோக்கி நடந்தது. அவள் தட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வரம்பில் குந்திச் சப்பாத்தை மாட்டத் தொடங்கினாள்.

ஸாகி நானா போகவில்லை. பக்கத்திலேயே நின்றார். அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்த பஹீமும் நின்றார், ஷஹ்மாவும் நின்றாள்.

"மிஸ்," என்றார் ஸாகி நானா. குரல் தாழ்ந்திருந்தது. "அந்தம்மாக்கிட்ட நீங்க சென்னது மெய்யா? போன போகம் தம்பி போட்ட சாமான் இன்னம் மேல் வயல்ல ஈக்கா?"

"இருக்குங்க."

"அதாலதான் என்ட நெல் எரியல்லயா?"

"அப்படித்தான் நான் நெனைக்கிறேன்."

அவர் மேல் வயலைப் பார்த்தார். காவலை யாருக்குச் சேர்ப்பது என்று கணக்குப் பார்ப்பது தெரிந்தது. "அப்ப," என்றார், "வார போகம் நான் மேல் வயல உடமாட்டேன்."

பஹீம் குறுக்கே வந்தார். "நானா, என்ன பேச்சு இது? வாப்பாட காலத்திலயும் மாறாம உட்டதில்ல."

"வாப்பாட காலத்தில மண்ணுக்குள்ள இது ஈக்கல்லயே."

ஷஹ்மா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பெற்றீசியா ஒரு சப்பாத்தை மாட்டியபடி, மற்றதைக் கையில் வைத்தபடி அவரையே பார்த்தாள். படித்த குழு முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு போய்விட்டது. தூளைத் தொடாத இந்த மனிதர்தான் அவள் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் நம்பினார். எவ்வளவு நம்பினாரென்றால், மூன்று தலைமுறை முறையை முறித்துக்கொள்ளும் அளவுக்கு நம்பினார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டதென்று சிரிப்பதா, அழுவதா? ஆறு வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே அங்கீகாரம் ஒரு குடும்பத்தில் மூண்ட சண்டை.

"நானா, சண்ட போட வேணாம்," என்றாள். "கீழ் வயல்லயும் இப்ப அது இருக்கு. இந்தப் போகம் பஹீம் போட்டிருக்கார் தானே. வார போகம் நீங்க கீழ போனாலும் அது உங்களுக்கும் தான். ரெண்டு வயலும் ஒண்ணு தான்."

"மேல் வயல்ல நீங்க தட்டில வெச்சிப் பாத்தீங்க. கீழ் வயல்ல பாத்தீங்களா?"

பெற்றீசியா கையிலிருந்த சப்பாத்தைக் கீழே வைத்தாள். "இல்ல."

"அப்ப எப்பிடி நம்புற?"

கேட்ட கேள்வி சரியான கேள்வி. ரோட்டில் ஜீப் ஹோர்ன் அடித்தது. நவரட்ணராஜா கையை அசைத்துக் கூப்பிட்டார். திட்டம் முடிந்தது, இனி ஒரு பிடி மண் எடுத்தாலும் அதை எழுத இடமில்லை, பார்க்க ஆளில்லை. உடம்பு முழுக்க, ஜீப்பில் ஏறு, ஏறிக் கண்ணை மூடு என்று கெஞ்சியது.

"நீங்க போங்க சேர்," என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "நான் பஸ்ல வாறேன்."

மாட்டிய சப்பாத்தைக் கழற்றினாள். பையிலிருந்து கரண்டியையும் வெறும் பைகளையும் எடுத்துக்கொண்டு கீழ் வயலில் இறங்கினாள். மலை நிழலில் சேறு குளிர்ந்து கிடந்தது. குனிந்து முதல் நெல்லை வேரோடு கெல்லினாள். சகோதரர்கள் இருவரும் பக்கத்துக்கு ஒருவராய் வரம்பில் நின்று, கள்ளத் தராசைப் பார்ப்பதுபோல் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் கட்டி முடிந்து அவள் நிமிர்ந்தபோது ஷஹ்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அவங்க போன தானே மிஸ். இனி குச்சிய எடுக்கலாமா? அடுத்த மாசம் அறுக்கிற மெஷின் வரப்போகுது."

பெற்றீசியா இரண்டு குச்சிகளையும் பார்த்தாள்.

"கொஞ்சம் இருக்கட்டுங்க. இதத் தட்டில போட்டு, நானாகிட்ட கொண்டுவந்து காட்டிட்டு, நானே எடுக்கிறேன்," என்றாள்.

"அப்ப மெஷின்காரனுக்குச் சென்னா சரி," என்றாள் ஷஹ்மா, "சுத்தி ஓட்டச் செல்லி."